தலையணைக்கும் வயது உண்டு!

உங்கள் வீட்டுத் தலையணையை வாங்கி எத்தனை வருடம் ஆகிறது?

உடனே பதில் சொல்லக்கூடியவர்கள் மிகச் சிலரே. வேட்டி கிழிந்தால் கண்ணுக்குத் தெரிகிறது. செருப்பு தேய்ந்தால் காலுக்குத் தெரிகிறது. தலையணை கெட்டால் மட்டும் தெரிவதில்லை. மேலே புது உறையைப் போட்டு விடுகிறோம். உள்ளே இருப்பது மறைந்து போகிறது.

கொங்கு நாட்டில் இன்னொரு காரணமும் உண்டு. பெண்ணுக்குத் தாய்வீட்டார் கொடுக்கும் சீரில் கட்டிலும், மெத்தையும், தலையணையும் இருக்கும். "எங்கம்மா சீராக் குடுத்ததுங்க. இதைப் போய் எறிய முடியுமுங்களா?" என்று வயதான பெண்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால், அதே தலையணையில் இன்று பேரன் படுத்து, இரவெல்லாம் இருமுகிறான் என்றால்?

நூலாகாத பஞ்சு

கோயம்புத்தூர் பஞ்சால் வளர்ந்த ஊர். 1888-ல் ஸ்டேன்ஸ் அங்கே நூற்பாலை தொடங்கினார். 1930-களில் பைக்காரா மின்சாரம் வந்ததும் ஆலைகள் பெருகின. ஆனால், நம் முன்னோர் தலையணைக்குத் தேடிய பஞ்சு ஆலைப் பஞ்சு அல்ல. அது இலவம் பஞ்சு.

பருத்தி இழையில் இயற்கையாகவே முறுக்கு உண்டு. அதனால் ஒன்றோடு ஒன்று பற்றி நூலாகும். இலவம் இழையில் முறுக்கு இல்லை. வழுக்கிக்கொண்டு ஓடும். நூற்பதற்கு உதவாத அந்தப் பஞ்சுதான் தலைக்கு மெத்தென்று இருக்கிறது.

காரணம் என்ன? ஒவ்வொரு இலவ இழையும் ஒரு சிறு குழாய். உள்ளே வெறும் காற்று. மேலே மெழுகுப் பூச்சு. ஆகவே கனமே இல்லை. தண்ணீரில் போட்டால் மிதக்கும். கப்பல்களில் உயிர் காக்கும் சட்டைக்குள் இதைத்தான் ஒரு காலத்தில் அடைத்தார்கள். 1942-ல் ஜாவாத் தீவை ஜப்பான் பிடித்ததும் அமெரிக்காவுக்கு இலவம் பஞ்சு வருவது நின்றது. அங்கே பள்ளிப் பிள்ளைகள் எருக்கு இனத்துச் செடியின் காய்களைப் பறித்துச் சேர்த்தார்கள். அந்தப் பஞ்சை வைத்துச் சட்டை செய்தார்கள்!

தமிழ்நாட்டில் இலவம் பஞ்சுக்குப் பெயர் பெற்ற ஊர், தேனி மாவட்டத்துப் போடிநாயக்கனூர்.

ஏன் கெடுகிறது?

மனிதனின் தலை ஏறக்குறைய 5 கிலோ கனம். அது இரவு தோறும் அழுத்தினால் குழாய் போன்ற இழைகள் நசுங்கும். நாளடைவில் ஒடிந்து தூளாகும். அதோடு வியர்வை, தலை எண்ணெய், தூசி எல்லாம் உள்ளே இறங்கும்.

இன்னொரு விருந்தாளியும் குடியேறும். அதன் பெயர் தூசி உண்ணி. ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லாத பூச்சி. நம் உடம்பிலிருந்து உதிரும் தோல் பொடிதான் அதற்கு உணவு. ஈரக் காற்றில் பெருகும். அது கடிப்பதில்லை. ஆனால், அதன் எச்சம் மூக்கில் ஏறினால் சிலருக்குத் தும்மலும், மூச்சிரைப்பும் வரும். இளைப்பு உள்ள குழந்தைக்கு இது பெரும் தொல்லை.

நான்கு சோதனைகள்

1. உறையைக் கழற்றுங்கள். கையால் தடவுங்கள். கட்டி கட்டியாக இருக்கிறதா?

2. வெயில் விழும் இடத்தில் தலையணையைத் தட்டுங்கள். தூள் பறக்கிறதா?

3. முகர்ந்து பாருங்கள். காயப் போட்ட பிறகும் புழுங்கல் நாற்றம் போகவில்லையா?

4. நார்ப் பஞ்சு என்னும் பாலியஸ்டர் தலையணை என்றால் இரண்டாக மடித்து விடுங்கள். திரும்ப நிமிராமல் மடிந்தே கிடக்கிறதா?

இவற்றோடு, காலையில் எழும்போது கழுத்து வலித்து, பகலில் அது சரியாகிவிடுகிறதா என்றும் கவனியுங்கள். தலையணையும் காரணமாக இருக்கலாம்.

கட்டி மட்டும் இருந்தால் பஞ்சைப் பிரித்து அடித்து, மீண்டும் நிரப்பலாம். தூளாகிவிட்டால் அடித்துப் பயனில்லை. ஒடிந்த இழை ஒட்டாது. நாற்றமும் கறையும் ஏறிய பஞ்சும் வேண்டாம். பாலியஸ்டர் தலையணையை ஓரிரு ஆண்டில் மாற்றுவது நல்லது.

புதிது வாங்கும்போது

உயரம்தான் முதலில் பார்க்க வேண்டியது. ஒருக்களித்துப் படுப்பவருக்குத் தோளுக்கும் காதுக்கும் நடுவே உள்ள இடைவெளி நிரம்ப வேண்டும். சற்று உயரமான தலையணை தேவை. மல்லாந்து படுப்பவருக்கு அதைவிடத் தாழ்வானது. குப்புறப் படுப்பவருக்கு மிக மெல்லியது போதும். ஒரே அளவில் நான்கு வாங்கினால் வீட்டில் எல்லோருக்கும் பொருந்தாது.

பஞ்சைக் கேட்டு வாங்குங்கள். கடைக்காரர் காட்டும் பிடிப் பஞ்சு பட்டுப்போல் மின்ன வேண்டும். இளமஞ்சள் நிறமாய், கைக்குக் கனமில்லாமல் இருக்க வேண்டும். விதை இருக்கக் கூடாது. தலையணை கனமாக இருந்தால் உள்ளே துணிக் கழிவு கலந்திருக்கிறதா என்று கேளுங்கள். உள் துணி நெருக்கமான நெசவாக இருக்கட்டும். இல்லாவிட்டால் தூள் வெளியே வரும்.

இளைப்பு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டு வாங்குவது நல்லது. வெந்நீரில் துவைக்கக்கூடிய தலையணையும், நெருக்கமான ஜிப் உறையும் அவர்களுக்கு ஏற்றவை.

கைக்குழந்தைக்கு என்ன தலையணை? ஒன்றுமே வேண்டாம். ஒரு வயது நிறையும்வரை தலையணை வைக்கக் கூடாது என்கிறார்கள் குழந்தை மருத்துவர்கள். மெத்தென்ற பொருள் முகத்தில் அழுந்தினால் மூச்சு முட்டும். கடுகுத் தலையணைக்கும் இதே எச்சரிக்கைதான்.

நீடித்து உழைக்க

உறையை வாரம் ஒரு முறை வெந்நீரில் துவையுங்கள். எண்ணெய்த் தலையோடு படுத்தால் மேலே ஒரு துண்டை விரியுங்கள். இலவம் தலையணையைச் சோப்புப் போட்டு நனைக்காதீர்கள். பஞ்சு கட்டியாகும், உள்ளே ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும். நல்ல வெயிலில் இரு பக்கமும் திருப்பிக் காய வையுங்கள். பங்குனி, சித்திரை வெயில் நமக்கு இலவசமாகக் கிடைக்கும் மருந்து!

சீர் வந்த தலையணையை என்ன செய்வது? மேல் துணி நன்றாக இருந்தால் துவைத்து வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே புதுப் பஞ்சை நிரப்புங்கள். அம்மாவின் நினைவும் இருக்கும். பேரனும் நன்றாகத் தூங்குவான்.

இலவு காத்த கிளி பழத்துக்காகக் காத்திருந்தது. வெடித்த காயில் பஞ்சுதான் கிடைத்தது. தூளான பஞ்சு ஒரு நாள் சரியாகிவிடும் என்று நாமும் காத்திருக்க வேண்டாம். எல்லா உறைகளையும் கழற்றிப் பாருங்கள்!