பிளாகிங்

பிளாகிங் என்பது, பேச்சுத் திறமையாலும் பொய்யாலும் ஒன்றைப் பெற்றுக்கொள்வதைக் குறிக்கும் பிரித்தானியக் கொச்சைச் சொல் ஆகும். அவ்வாறு செய்பவர் பிளாகர் எனப்படுவார். தமிழில் 'வாய்ச்சாலகம்' என்பது இதற்கு ஓரளவு நெருங்கி வரும். வலைப்பதிவைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லுடன் இதற்குத் தொடர்பில்லை.

பொருளும் வழக்கும்

நுழைவுச்சீட்டு இல்லாத ஒருவர், தாம் இசைக்குழுவின் உதவியாளர் என்று வாயிற்காவலரிடம் கூறி அரங்கினுள் நுழைவது பிளாகிங் ஆகும். படிக்காத நூலைப் படித்ததுபோல் பேசி நேர்முகத் தேர்வைச் சமாளிப்பதும் இச்சொல்லாலேயே குறிக்கப்படுகிறது. இத்தகைய இடங்களில் இச்சொல் கண்டனமாக மட்டுமின்றி, நகைச்சுவை கலந்த பாராட்டாகவும் வழங்குகிறது.

சொல் வரலாறு

இச்சொல் தொடக்கத்தில் திருட்டையும் கொள்ளையையும் குறித்தது. இருபதாம் நூற்றாண்டில் இலண்டன் காவலர்களிடமும் குற்றவாளிகளிடமும் இது ஆயுதக் கொள்ளை என்னும் பொருளில் வழங்கியது. ஏமாற்றிப் பெறுதல் என்னும் பொருள், பொய்க்கதை அளப்பதைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்திருக்கலாம் என்று கருதப்படுகிறது.

இதற்கு நெருக்கமான மற்றொரு கொச்சைச் சொல் 'வாங்கிள்' ஆகும். தந்திரமாக ஏற்பாடு செய்து ஒன்றைப் பெறுவது இதன் பொருள். முதலாம் உலகப் போர்க்காலத்தில் படைவீரர்களிடையே இது பரவலாக வழங்கியது.

தகவல் திருட்டு

வங்கி, தொலைபேசி நிறுவனம், மருத்துவமனை போன்றவற்றைத் தொலைபேசியில் அழைத்து, வாடிக்கையாளர் போலவோ சக ஊழியர் போலவோ நடித்து, பிறருடைய தனிப்பட்ட விவரங்களைப் பெறுவதும் பிளாகிங் எனப்படுகிறது. இது விளையாட்டன்று, பிரித்தானியாவில் தண்டனைக்குரிய குற்றம்.

2003இல் அந்நாட்டுத் தகவல் ஆணையர் அலுவலகம் 'மோட்டார்மேன்' என்னும் விசாரணையை மேற்கொண்டது. இதன்போது தனியார் துப்பறிவாளர் ஒருவரிடம் கைப்பற்றிய ஆவணங்களிலிருந்து, 305 செய்தியாளர்கள் அவரிடம் தகவல் வாங்கியது தெரியவந்தது. இதைத் தொடர்ந்து 2006இல் நாடாளுமன்றத்தின் முன்வைத்த அறிக்கையில், இக்குற்றத்திற்கு இரண்டு ஆண்டுகள் வரை சிறைத் தண்டனை வேண்டும் என்று ஆணையர் பரிந்துரைத்தார். பத்திரிகைத் துறையின் நடைமுறைகளை ஆராய 2011இல் அமைக்கப்பட்ட லெவிசன் விசாரணையிலும் இது விவாதிக்கப்பட்டது. எனினும், 1998ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தைப் போலவே, 2018ஆம் ஆண்டின் சட்டமும் இக்குற்றத்திற்கு அபராதம் மட்டுமே விதிக்கிறது.

செயல்படும் முறை

பிளாகர் கணினியின் பூட்டை உடைப்பதில்லை. உதவ வேண்டும் என்னும் மனித இயல்பையே பயன்படுத்துகிறார். முதல் அழைப்பில் பிறந்த நாளையும், அதைச் சொல்லி அடுத்த அழைப்பில் முகவரியையும் பெறுகிறார். இவ்வாறு ஒவ்வொரு விவரமும் அடுத்த கதவைத் திறக்கும் திறவுகோலாகிறது. அவசரம், அழுகை, அதிகாரத் தொனி ஆகியவை அவருடைய கருவிகள்.

தற்காப்பு

அழைப்பவருக்குச் சில விவரங்கள் தெரிந்திருப்பதே அவர் உண்மையானவர் என்பதற்குச் சான்றாகாது. அழைப்பைத் துண்டித்து, நிறுவனத்தின் அதிகாரபூர்வ எண்ணுக்குத் தாமே திரும்ப அழைத்து உறுதிசெய்வது பாதுகாப்பான வழியாகும். இலவசமாக அரங்கில் நுழைபவரால் ஓர் இருக்கைக்கான கட்டணமே இழப்பாகும். தகவலைப் பறிகொடுத்தவர் இழந்த அந்தரங்கத்தையோ அபராதத்தால் மீட்டுத்தர இயலாது.