விலை மலிவான நாட்டுத் துப்பாக்கி தேடுகிறவர்களுக்கு

கடலூர் மாவட்டத்தில் வேப்பூர், திட்டக்குடி பக்கம் மக்காச்சோளம் பால் பிடிக்கத் தொடங்கினால் போதும், டீக்கடையில் ஒரே பேச்சுதான்: "பன்னி அடிக்க கனமில்லாத, விலை கம்மியான துப்பாக்கி எங்க கிடைக்கும்?" சிதம்பரம், காட்டுமன்னார்கோவில் பக்கம் வீராணம் ஏரிக் கொக்குக்கும் நீர்க்கோழிக்கும் இதே கேள்வி. கேட்கிறவர்கள் ரௌடிகள் இல்லை. பயிரைப் பறிகொடுத்த விவசாயிகள், கறிக்கு ஆசைப்பட்ட இளைஞர்கள். கேள்வி கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் எங்கோ ஒரு பட்டறையில் குழாயை அடித்துச் செய்த துப்பாக்கியை வாங்கிவிடுகிறார்கள். அடுத்து அவர்களைப் பார்ப்பது கோர்ட் வாசலில்தான்.

வேட்டைக்கு என்று எந்தத் துப்பாக்கியும் வாங்க முடியாது. 1972-ஆம் ஆண்டின் வனவுயிர் பாதுகாப்புச் சட்டம், 9-ஆம் பிரிவில், அட்டவணையில் உள்ள விலங்கு பறவைகளை வேட்டையாடத் தடை போட்டிருக்கிறது. சுட்டால்தான் குற்றம் என்பதில்லை. வலை விரிப்பது, கண்ணி வைப்பது, முயன்று பார்ப்பது எல்லாமே வேட்டைதான். குறைந்த திறன் கொண்ட ஏர்கன் வாங்க உரிமம் வேண்டாம் என்பது உண்மை. அதனால் கொக்கைச் சுட உரிமை வந்துவிடாது. மயிலைச் சுட்டால் குறைந்தது 3 ஆண்டு, அதிகம் 7 ஆண்டு சிறை. ஏறிப்போன பைக்கும் பறிமுதல். கடனில் வாங்கிய பைக் என்றாலும் அதே கதிதான்.

உரிமம் இல்லாத நாட்டுத் துப்பாக்கியை வைத்திருந்தாலே, 2019 திருத்தத்துக்குப் பிறகு, 2 முதல் 5 ஆண்டு சிறை. செய்து விற்றவருக்குக் குறைந்தது 7 ஆண்டு, ஆயுள் வரைக்கும் போகலாம். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கை வலிக்காத துப்பாக்கி என்று தேடிப் போனால் கிடைப்பது மெல்லிய குழாய். மருந்து ஒரு பிடி கூடினால் வெடித்துப் பிளப்பது அந்தக் குழாய்தான், அதுவும் சுடுகிறவர் முகத்துக்குப் பக்கத்தில்.

அப்படியானால் பன்றிக்கு என்ன வழி? 2025 ஜனவரியில் தமிழக அரசு அறிவித்தது இது: காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் சுடக்கூடாது, 1 முதல் 3 கிலோமீட்டர் வரை கூண்டு வைத்துப் பிடித்துக் காட்டில் விட வேண்டும், 3 கிலோமீட்டருக்கு அப்பால் வனத்துறையினர் சுடலாம். வனத்துறையினர்தான், நீங்கள் அல்ல. பன்றி வந்த மறுநாளே சிட்டா, அடங்கல் நகலுடன் வி.ஏ.ஓ.வையும் வனச்சரக அலுவலகத்தையும் பாருங்கள். கால் தடமும் மிதிபட்ட பயிரும் தெரிய, தேதி பதிவாகும்படி படம் எடுங்கள். இழப்பீட்டுக்கும் இதுதான் அடிப்படை. மனுவை இரண்டு பிரதி எழுதி, ஒன்றில் முத்திரையும் கையெழுத்தும் வாங்குங்கள். வாய்மொழியாகச் சொல்லிவிட்டு வந்தால் அந்தப் புகாருக்கு ஆயுள் கிடையாது. சரகத்தில் அசட்டை செய்தால் கடலூர் ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் அதே மனுவைக் கொடுங்கள். விதி வந்த பிறகும் "மேலிருந்து உத்தரவு வரலை" என்று விவசாயியைத் திருப்பி அனுப்பும் அதிகாரிகள்தான் அவரைக் கள்ளத் துப்பாக்கிப் பட்டறைக்குத் தள்ளுகிறார்கள்.

சட்டப்படி ஒரு துப்பாக்கி வேண்டும் என்றால் அதற்கும் கதவு இருக்கிறது. 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், 13-ஆம் பிரிவில், உண்மையான பயிர்ப் பாதுகாப்புக்காக வாய்வழி மருந்து கெட்டிக்கும் துப்பாக்கிக்கு உரிமம் தர இடம் கொடுக்கிறது. ரைஃபிள் அதில் அடங்காது. ஏ-1 படிவத்தில் ஆட்சியர் அலுவலகத்துக்கு விண்ணப்பம். பிறகு காவல் நிலைய அறிக்கை. மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள், மேல்முறையீட்டுக்கு அது வேண்டும். உரிமம் கைக்கு வந்த பிறகே, உரிமம் பெற்ற கடையில், தயாரித்தவர் பெயரும் எண்ணும் பொறித்த துப்பாக்கியைத்தான் வாங்க வேண்டும். எண் அழிந்ததைத் தொடவே தொடாதீர்கள். அழித்தது நீங்கள்தான் என்று சட்டம் கருதிக்கொள்ளும். உரிமம் கிடைத்துவிட்டதால் பன்றியைச் சுடலாம் என்று நினைக்காதீர்கள். திரும்பவும் சொல்கிறேன்: ஆயுத உரிமம் வேறு, விலங்கைச் சுடும் அனுமதி வேறு.

அதிகம் பேர் தவறுவது அப்பா, தாத்தா விட்டுப்போன துப்பாக்கியில்தான். உரிமம் இருந்தவர் இறந்தபின் தாமதிக்காமல் அதை வீட்டிலிருந்து எடுத்துவிட வேண்டும். காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற கடையிலோ ஒப்படைத்து ரசீது வாங்குங்கள். வாரிசு உரிமம் கேட்க இறப்புச் சான்று, தாசில்தார் தரும் வாரிசுச் சான்று, மற்ற வாரிசுகளின் சம்மதக் கடிதம், பழைய உரிமப் புத்தகம் நான்கும் வேண்டும். தனித்த அடையாள எண் ஏறாத பழைய உரிமம் செல்லாது.

ஒப்படைக்கும் முன் ஒன்றைக் கவனியுங்கள்: பழைய துப்பாக்கி கெட்டித்தபடியே கிடக்கலாம். மருந்தும் பால்ரஸும் உள்ளேயே பல வருடம் தங்கியிருக்கும். கெட்டிக்கும் கம்பி கையில் இருந்தால் அதன் நீளத்தைக் குழலின் வெளிப்புறத்தோடு வைத்துப் பாருங்கள். உள்ளே விட்ட கம்பி அடிவரை போகாமல் முன்னதாகவே தட்டி நின்றால், உள்ளே மருந்து இருக்கிறது என்றே கொள்ளுங்கள். கிளறாதீர்கள், குழலை யார் பக்கமும் திருப்பாதீர்கள், தகவல் கொடுத்து எடுத்துப்போகச் செய்யுங்கள்.

உரிமமே இல்லாத துப்பாக்கி என்றால், பையில் போட்டு பஸ் ஏறிவிடாதீர்கள். வழியில் பிடிபட்டால் "ஒப்படைக்கத்தான் போனேன்" என்பதை யாரும் நம்பப்போவதில்லை. கிருஷ்ணகிரி, தருமபுரி பக்கம் தாமாக ஒப்படைத்தால் வழக்கில்லை என்று காவல்துறை அறிவித்ததுண்டு. நம் மாவட்டத்தில் அப்படி அறிவிப்பு இருக்கிறதா என்று முதலில் ஒரு வழக்கறிஞர் மூலம் கேளுங்கள். முதனை கிராமத்து ராசாக்கண்ணு 1993-இல் கம்மாபுரம் காவல் நிலையத்தில் போலீஸ் சித்திரவதையில் கொல்லப்பட்ட மாவட்டம் இது; ஸ்டேஷன் வாசலை மிதிக்க ஏழைக்கு இருக்கும் பயம் வீண் பயமல்ல. சிதம்பரம் வட்ட சட்டப் பணிகள் குழுவிலோ கடலூர் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவிலோ இலவசமாக வழக்கறிஞர் கிடைப்பார். 15100 என்ற எண்ணில் கேட்கலாம்.

நரிக்குறவர் குடும்பங்களுக்குத் தனியாக ஒன்று. 2023-இல் பழங்குடிப் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள், இனி வேட்டைக்குத் தடையில்லை என்று யாரோ கிளப்பிவிட்டிருக்கிறார்கள். பொய். வனவுயிர் சட்டத்தில் வேட்டை உரிமை காக்கப்பட்டிருப்பது நிக்கோபார் தீவுப் பழங்குடிகளுக்கு மட்டும். உரிமத்தில் யார் பெயர் இருக்கிறதோ அவர் மட்டுமே துப்பாக்கியைத் தூக்கலாம். அண்ணன் உரிமத்தில் தம்பி போனால் வழக்கு இருவர் மேலும் வரும்.

தேர்தல் அறிவிப்பு வந்து துப்பாக்கியை ஸ்டேஷனில் வைக்கச் சொன்னால் துப்பாக்கி எண், தேதி, அதிகாரியின் கையெழுத்து மூன்றும் உள்ள ரசீதில்லாமல் வீடு திரும்பாதீர்கள். அதைக் காட்டித்தான் தேர்தல் முடிந்ததும் திரும்பக் கேட்க முடியும்.