தவளைக்கு மருந்து கொடுத்தால் ரத்தம் என்ன சொல்லும்?

படர்தாமரைக்கு வைத்தியம் பார்த்த அம்பத்தூர், ஆவடிக்காரர்கள் பலருக்கு இட்ராகோனசோல் கேப்சூல் பழக்கம். தவளைகளைக் கொல்லும் கைட்ரிட் பூஞ்சைக்கும் கால்நடை மருத்துவர்கள் இதே மருந்தைத்தான் பயன்படுத்துகிறார்கள். நீர்த்த கரைசலில் தினமும் 5 நிமிடம், 11 நாள் குளிப்பாட்டுவது பழைய முறை.

1998இல் அடையாளம் காணப்பட்ட இந்தப் பூஞ்சை, குறைந்தது 501 நீர்நில வாழ்வி இனங்களின் எண்ணிக்கையைச் சரித்து, அவற்றில் 90 இனங்களை அழித்திருக்கலாம் என்றது 2019இல் வந்த ஓர் உலகளாவிய ஆய்வு. நம் மேற்குத் தொடர்ச்சி மலைத் தவளைகளிலும் இது பதிவாகியிருக்கிறது.

தவளைக்கு மருந்து கொடுப்பதில் ஒரு சிக்கல் உண்டு. அது தண்ணீரைத் தோல் வழியாகவே குடிக்கிறது. தோலில் படும் மருந்து உள்ளேயும் போகும். பூஞ்சையின் செல் சவ்வுக்குத் தேவையான எர்கோஸ்டெராலை உருவாக்கும் நொதியை இட்ராகோனசோல் முடக்குகிறது. அதை ஒத்த நொதி விலங்குகளிடமும் உண்டு. மனிதருக்கே கல்லீரலைப் பாதிக்கக்கூடிய மருந்து இது. பல தவளை இனங்களில் ரத்த அணுக்கள் உருவாவதில் கல்லீரலுக்குப் பங்கிருப்பதால் கவலை கூடுகிறது. மயோர்கா தீவுத் தவளையின் தலைப்பிரட்டைகள் இம்மருந்தால் நிறமிழந்ததும் பதிவாகியுள்ளது.

மருந்தின் பாதிப்பை ரத்தத்தில் தேடலாம். நம் சிவப்பணுவில் உட்கரு இல்லை. தவளையின் சிவப்பணுவில் உண்டு. மரபணுவைச் சிதைக்கும் ரசாயனம் பட்டால், உட்கருவிலிருந்து பிரிந்த துணுக்கு அணுவுக்குள் தனியே தெரியும். நஞ்சை அளக்க இதைவிட நேரான சாட்சி கிடைப்பது அரிது. ஆனால் மருத்துவமனையில் ரத்த அணுக்களை எண்ணும் கருவி இங்கே உதவாது. எல்லா அணுவிலும் உட்கரு இருப்பதால் சிவப்பணு எது, வெள்ளையணு எது என்று அதற்குப் பிரிக்கத் தெரியாது. ஜியெம்சா சாயம் ஏற்றி, நுண்ணோக்கி முன் உட்கார்ந்து ஆள்தான் எண்ண வேண்டும். நோயும் பயமும்கூட வெள்ளையணு விகிதத்தை மாற்றும். எனவே சிகிச்சைக்கு முன்னும் பின்னும் எடுத்த ரத்தத்தை ஒப்பிடாமல் பழியை மருந்தின்மேல் போட முடியாது.

அதற்காக மருந்தைக் கைவிடச் சொல்வது தவறு. கவனிக்காமல் விட்டால் பல இனங்களுக்குச் சாவு நிச்சயம். அளவைக் குறைத்தும் குணப்படுத்த முடிந்திருக்கிறது. அதுவே சரியான பாதை.

இந்தக் கவலை சிகிச்சையோடு முடிவதில்லை. பூந்தமல்லியைத் தாண்டினால் வயல்கள். நெல்லின் இலையுறைக் கருகலுக்குத் தெளிக்கும் ஹெக்சகோனசோல், புரோபிகோனசோல் ஆகியவையும் இட்ராகோனசோல் சேர்ந்த அதே அசோல் குடும்பம். தெளிப்பான் கழுவிய நீரை வாய்க்காலிலோ ஏரியிலோ ஊற்றாதீர்கள். தோட்டத்துத் தவளைக்குப் புண் தெரிந்தால் வீட்டு ஆயின்மென்ட்டைத் தடவாமல் கால்நடை மருத்துவரைக் கேளுங்கள்.