சங்கிலியின் வரிசையும் ரப்பரின் குணமும்

மோட்டார் வண்டியின் டயரும் நாம் காலில் அணியும் ஒருவகைச் செருப்பின் அடிப்பாகமும் பார்வைக்கு ஒன்றுபோலத் தோன்றும். வளைத்தால் இரண்டும் வளைகின்றன. விட்டால் பழைய நிலைக்கு மீளுகின்றன. ஆயினும் தேய்ந்துபோன டயரை உருக்கி மற்றொரு டயர் வார்க்க எவராலும் இயலாது. அந்தச் செருப்படியையோ உருக்கலாம், அச்சில் ஊற்றலாம், ஆறியதும் மீண்டும் நல்ல ரப்பராகவே கிடைக்கும். வெந்த இட்லியைத் திரும்பவும் மாவாக்க முடியாது. வெல்லக் கட்டியையோ எத்தனை முறையும் பாகாக்கலாம் அன்றோ? அத்தகைய வேறுபாடே இது. இவ்வேறுபாடு எங்கிருந்து வந்தது என்பதையே இன்று மாணவ நண்பர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

ரப்பர் மிக நீண்ட சங்கிலி போன்ற மூலக்கூறுகளால் ஆனது. இச்சங்கிலிகள் இயல்பாகச் சுருண்டு கிடக்கின்றன. இழுத்தால் நீளுகின்றன, விட்டால் மறுபடியும் சுருளுகின்றன. ஆனால் பச்சை ரப்பரில் சங்கிலிகள் ஒன்றையொன்று வழுக்கிச் செல்லும். ஆகவே அது வெயிலில் பிசுபிசுக்கும். இழுத்த வடிவிலேயே நின்றும் போகும். 1839-ஆம் ஆண்டில் அமெரிக்கரான சார்லஸ் குட்இயர், ரப்பரைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கினால் இக்குறை தீரும் என்று கண்டார். கந்தகம் சங்கிலிக்குச் சங்கிலி குறுக்கே முடிச்சுப் போடுகிறது. அதன்பின் அவை வழுக்க இயலாது. உலகம் முழுவதும் டயரில் ஓடியது இந்த முடிச்சினால்தான். அதைக் கண்டவரோ 1860-இல் பெருங்கடனோடு மாண்டார்.

முடிச்சு நிலையானது. அதுவே அதன் பலம்; அதுவே அதன் குறையும். சூடாக்கினால் டயர் கருகுமேயன்றி உருகாது. ஊர்ப்புறங்களில் குவிந்து கிடக்கும் பழைய டயர் மேடுகளே இதற்குச் சாட்சி. வேண்டும்போது இறுகி, வேண்டும்போது அவிழும் முடிச்சு ஒன்று கிடைக்குமா? இதுவே கேள்வி.

இதற்கு விடை புதிய பொருளிலிருந்து வரவில்லை. ஏற்கெனவே அறிந்த இரு பொருள்களை வரிசைப்படுத்திய விதத்திலிருந்து வந்தது. மல்லிகையும் கனகாம்பரமும் ஒரே அளவில் இருந்தாலும், கலந்து தொடுத்தால் ஒரு சரம். இங்கொரு கொத்தும் அங்கொரு கொத்துமாகத் தொடுத்தால் வேறொரு சரம். ஸ்டைரீன், பியூட்டடையீன் என்ற இரு ரசாயனங்களின் கதையும் அப்படிப்பட்டதே. இரண்டையும் ஒழுங்கின்றிக் கலந்து கோத்தால் கிடைப்பது, இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கா பெருமளவில் செய்த செயற்கை ரப்பர். அதற்கும் கந்தக முடிச்சு வேண்டும்.

ஒரு கொத்து முழுதும் ஸ்டைரீன், அடுத்த கொத்து முழுதும் பியூட்டடையீன் என்று கோப்பது எவ்வாறு? 1956-இல் நியூயார்க் மாநிலத்துச் சிரக்யூஸ் நகரில் பணியாற்றிய மைக்கேல் ஷ்வார்ட்ஸ் என்னும் விஞ்ஞானி, நுனி மடியாமல் உயிரோடு நிற்கும் சங்கிலிகளைப் படைத்துக் காட்டினார். ஸ்டைரீன் தீர்ந்த பின்னும் கரைசலின் சிவப்பு நிறம் மாறவில்லை. மேலும் ஸ்டைரீன் இட்டால் சங்கிலி மேலும் வளர்ந்தது. வேறொரு ரசாயனத்தை இட்டால் அதே நுனியிலிருந்து அது வளர்ந்தது. கொத்துக் கொத்தாகத் தொடுக்கும் கை இப்படிக் கிடைத்தது. அவருடைய மாணவரான ரால்ஃப் மில்கோவிச்சும், ஜெஃப்ரி ஹோல்டனும் ஷெல் நிறுவனத்தில் உருவாக்கிய புதிய ரப்பர் 1965-இல் கிரேட்டான் என்ற பெயரோடு சந்தைக்கு வந்தது.

அதன் அமைப்பைக் காண்போம். நடுவில் ஏறக்குறைய ஆயிரம் பியூட்டடையீன் கண்ணிகள். இரு ஓரங்களிலும் நூறு அல்லது நூற்றைம்பது ஸ்டைரீன் கண்ணிகள். எண்ணெயும் நீரும் போல இவ்விரு பகுதிகளும் ஒன்றோடொன்று கலக்க விரும்புவதில்லை. ஆனால் ஒரே சங்கிலியில் பிணைந்திருப்பதால் விலகி ஓடவும் இயலாது. ஆகவே பல சங்கிலிகளின் ஸ்டைரீன் ஓரங்கள் அங்கங்கே கூடிச் சிறு குமிழ்களாகத் திரளுகின்றன. ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் பங்கிட்டால், அதில் இருபது முப்பது பங்குதான் ஒரு குமிழின் அகலம். ஒளியின் அலைநீளத்தைவிட மிகச் சிறிது. எனவே அந்த ரப்பர் தெளிவாகவே தோன்றுகிறது.

ஸ்டைரீன் திரள் சுமார் 100 டிகிரி சென்டிகிரேடுக்குக் கீழே கண்ணாடி போல இறுகி நிற்கும். நடுப்பகுதியோ பூஜ்யத்துக்குக் கீழே 80, 90 டிகிரி வரையில்கூட நெகிழ்வாகவே இருக்கும். இறுகிய திரள்களே கந்தக முடிச்சின் வேலையைச் செய்கின்றன. சூடாக்கினால் திரள் இளகும்; முடிச்சு அவிழும்; பொருள் ஓடும். ஆறினால் முடிச்சு தானே விழும்.

இங்கே ஒரு நுட்பத்தை மாணவர்கள் கவனிக்க வேண்டும். ஓரங்கள் இரண்டும் ஸ்டைரீனாக இருத்தல் இன்றியமையாதது. துணி உலர்த்தும் கொடியின் இரு முனைகளையும் கட்டினால்தான் அது ஈரத்துணியைத் தாங்கும். ஒரு முனையை மட்டும் கட்டினால் தரையில் விழும். ஒரு ஓரம் மட்டும் ஸ்டைரீனான சங்கிலியும், நடுவில் ஸ்டைரீன் வைத்து ஓரங்களில் பியூட்டடையீன் வைத்த சங்கிலியும் வலுவற்றுப் போகின்றன. சரக்கு ஒன்றே, அளவும் ஒன்றே, வரிசை மாறியதால் குணம் மாறிவிட்டது.

அளவு மாறினாலும் குணம் மாறும். ஸ்டைரீன் ஐந்தில் ஒரு பங்குக்குக் குறைந்தால் திரள்கள் உருண்டைகளாக இருக்கும். மூன்றில் ஒரு பங்கை நெருங்கினால் உருளைகளாகும். பாதியானால் ஏடு ஏடாக அடுக்கும். முக்கால் பங்கானால் கிடைப்பது ரப்பரன்று. தெளிவான, உறுதியான பிளாஸ்டிக்.

செருப்படிக்கும் ஒட்டும் நாடாவுக்கும் இந்த ரப்பர் பயன்படுகிறது. சாலைத் தாரில் நூற்றுக்கு மூன்று முதல் ஏழு பங்கு கலந்தால், கோடையில் தார் இளகிக் குழிவதும் குளிரில் வெடிப்பதும் குறைகின்றன. இதற்கு, நடுவில் பல கைகள் கூடிய நட்சத்திர வடிவச் சங்கிலிகளும் பயன்படுகின்றன. நடுப்பகுதியிலுள்ள இரட்டைப் பிணைப்புகளை ஹைட்ரஜன் கொண்டு நிரப்பினால், காற்றும் வெயிலும் எளிதில் அரிக்காத வகை கிடைக்கிறது. பல் தூரிகையின் மென்மையான கைப்பிடி பெரும்பாலும் அத்தகையதே. பியூட்டடையீனுக்குப் பதில் ஐசோபியூட்டிலீனை நடுவில் வைத்த வகையோ மனித இதயத்தை எட்டியுள்ளது. அடைபட்ட இதயத் தமனியை விரித்து வைக்கும் உலோக வலைக்குழாயின்மேல் அதை மருந்தோடு பூசினார்கள். மருந்து சிறிது சிறிதாகக் கசிந்து தமனி மறுபடியும் அடைபடாமல் காக்கும். அமெரிக்காவில் அதற்கு 2004-இல் அனுமதி கிடைத்தது.

இதனால் டயரின் காலம் முடிந்தது என்று எண்ணிவிடலாகாது. எழுபது டிகிரியை நெருங்கும்போதே இந்த முடிச்சு தளரத் தொடங்குகிறது. பெட்ரோலும் எண்ணெயும் இதைக் கெடுத்துவிடும். ஓடும் டயரின் சூட்டை இது தாங்காது. ஆகவே டயர் இன்றும் குட்இயரின் முடிச்சையே நம்பியிருக்கிறது. டயர் மேடுகளும் வளர்ந்துகொண்டே இருக்கின்றன. டயரின் சூட்டிலும் இறுகி நின்று, வேண்டும்போது மட்டும் அவிழும் முடிச்சை இன்றும் பல ஆய்வுக்கூடங்களில் தேடி வருகிறார்கள்.

ரசாயனம் பயிலும் இளைஞர்கள் ஒரு பொருளில் என்னென்ன இருக்கின்றன என்று கேட்பதோடு நின்றுவிடலாகாது. அவை எந்த வரிசையில் நிற்கின்றன என்றும் கேட்க வேண்டும். அந்த இரண்டாவது கேள்வியே ஒரு புதிய தொழிலைப் பிறப்பித்தது. டயர் மேட்டுக்கு முடிவு காணும் விடையும் அதே கேள்வியில்தான் இருக்கிறது என்று நான் நம்புகிறேன்.