எந்தச் சதுர அடிக்கு விலை?

அடுக்குமாடி வீடு வாங்கப் போகிறவர்கள் முதலில் விசாரிப்பது சதுர அடி விலையைத்தான். ஆனால் எந்தப் பரப்புக்கு அந்த விலை என்று தெரியாமல் அதை வைத்து ஒன்றும் முடிவுசெய்ய முடியாது. கார்பெட் ஏரியா என்பது நாம் வீட்டுக்குள் புழங்கும் தரைப்பரப்பு. அறைகளைப் பிரிக்கும் உட்சுவர்கள் அதில் சேரும். வெளிச்சுவர், பால்கனி, குழாய்கள் இறங்கும் ஷாஃப்ட் சேராது. 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டம் (ரெரா) இப்படித்தான் வரையறுக்கிறது. விளம்பரங்களில் வரும் சூப்பர் பில்ட்-அப் ஏரியாவுக்கு அந்தச் சட்டத்தில் வரையறையே இல்லை. பால்கனி, வெளிச்சுவர் ஆகியவற்றோடு மாடிப்படி, லிஃப்ட், நடைபாதை ஆகியவற்றில் ஒரு பங்கையும் கூட்டிச் சொல்லும் கணக்கு அது. ஒரு வீடு 1,200 சதுர அடி, அடி 6,000 ரூபாய். இன்னொன்று 1,100 சதுர அடி, அடி 6,300 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். முதல் வீடுதான் மலிவு என்று தோன்றும். முதல் வீட்டின் கார்பெட் ஏரியா 840, இரண்டாவதன் கார்பெட் ஏரியா 825 என்றால், உள்ளே புழங்கும் ஒவ்வோர் அடிக்கும் முதல் வீட்டில் சுமார் 8,571 ரூபாயும், இரண்டாவதில் 8,400 ரூபாயும் கொடுக்கிறோம்.

லிஃப்டும் படிக்கட்டும் சும்மா வருமா, அதற்கும் செலவாகிறதே என்று கட்டுநர்கள் கேட்கிறார்கள். நியாயம்தான். அந்தச் செலவை விலையில் சேர்க்கட்டும்; பரப்பில் ஏன் சேர்க்க வேண்டும்? எத்தனை சதவீதம் கூட்டுவது என்பது ஆளுக்கு ஆள் மாறும்போது, இரண்டு வீடுகளை ஒப்பிடவே வழியில்லாமல் போகிறது.

இதைவிட முக்கியமானது யூ.டி.எஸ். எனப்படும் பிரிக்கப்படாத மனைப் பங்கு. இரண்டு கிரவுண்டு, அதாவது 4,800 சதுர அடி மனையில் ஒரே அளவில் எட்டு வீடுகள் என்றால் வீட்டுக்கு 600 சதுர அடி மண் சொந்தம். இருபது வீடுகள் என்றால் 240தான். கட்டடம் வருடத்துக்கு வருடம் தேயும். அதை இடித்துக் கட்டும் நாளில் பேரம் பேசக் கையில் இருப்பது இந்தப் பங்குதான். உயரமான கட்டடத்தில் பங்கு குறையத்தானே செய்யும் என்பது உண்மை. குறைவது குற்றமில்லை, ஆனால் அது விலையில் தெரிய வேண்டும். எல்லா வீடுகளுக்கும் எழுதிக்கொடுத்த பங்குகளைக் கூட்டினால் மனையின் அளவு வருகிறதா என்றும் பார்க்க வேண்டும். வராவிட்டால் மிச்சம் யார் பெயரில் நிற்கிறது என்று கேட்டே ஆக வேண்டும். நாளை மேலே இன்னொரு தளம் எழுப்ப அந்த மிச்சம் வழிவிடலாம்.

ரெரா வந்துவிட்டதே, இனி என்ன கவலை என்று இருந்துவிடக் கூடாது. பதிவுசெய்த திட்டங்களில் கார்பெட் ஏரியாவை அறிவித்தே ஆக வேண்டும். ஒப்பந்தம் எழுதிப் பதியாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் முன்பணம் வாங்கவும் கூடாது. ஆனால் 500 சதுர மீட்டருக்கு உட்பட்ட மனைகளுக்கும், எட்டு வீடுகளுக்கு மிகாத திட்டங்களுக்கும் பதிவு கட்டாயமில்லை. மேலே சொன்ன இரண்டு கிரவுண்டு, எட்டு வீட்டுக் கணக்கு அப்படியே இந்த விலக்குக்குள் வருகிறது. நம் ஊர்களில் தெருவுக்குத் தெரு எழும்பும் சிறு குடியிருப்புகள் பலவும் இந்த அளவுதான். அங்கே வாங்குகிறவர்கள் அட்வான்ஸ் கொடுக்கும் முன் கார்பெட் ஏரியாவையும் யூ.டி.எஸ்.ஸையும் எழுத்தில் வாங்குங்கள். கிரயப் பத்திரத்தின் சொத்து விவரத்தில் அதே எண்கள் இருக்கின்றனவா என்று பார்த்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.