வருடியும் கணினியும்: தீவகத்து நெகற்றிவ்களை முன்னிறுத்திய ஒரு நோக்கு

ஊர்காவற்றுறை, வேலணை, புங்குடுதீவு, நயினாதீவு, நெடுந்தீவு முதலிய பகுதிகளைக் கொண்ட தீவகத்தின் சமூக வரலாற்றை எழுதப் புகுவோர் முதலில் எதிர்நோக்குவது சான்றுப் பற்றாக்குறையாகும். நிலவுடைமையாளரைப் பற்றிப் பேசக் காணி உறுதிகளும் கோயிற் கணக்குகளும் உதவும். கடற்றொழிலாளரும் கூலி விவசாயிகளும் எழுத்தில் அருகியே இடம்பெற்றனர். அவர்களது முகத்தையும் உடையையும் வள்ளத்தையும் காட்டும் சான்றாகச் சிலவேளைகளில் ஒரு 35 மில்லிமீற்றர் நெகற்றிவ் மாத்திரமே எஞ்சுகின்றது. 1990ஆம் ஆண்டு இராணுவ நடவடிக்கையையடுத்து இப்பகுதி மக்கள் பெருமளவில் இடம்பெயர்ந்தனர் என்பதை நினைவுகொள்ளுமிடத்து, இவ்வெச்சத்தின் பெறுமதி நன்கு புலனாகும்.

அவ்வெச்சமும் நிலையானதன்று. அசற்றேற்றுத் தளங்கொண்ட படச்சுருள், வெப்பமும் ஈரமும் மிகுந்த சூழலில் வேதியியல் மாற்றமுற்று வினாகிரி மணம் வீசும். பின்னர் சுருங்கி வளையும். இச்சிதைவை மீளச் சீர்செய்தல் இயலாது. எனவே படத்தை எண்ணிம வடிவிற்கு மாற்றுதல் காலத்தோடு நிகழவேண்டிய பணியாகும். அதற்குரிய கருவி ஸ்கானர் என வழங்கும் படச்சுருள் வருடி. இவற்றுட் சிறந்தவை பல 1990களின் பிற்பகுதியிலும் 2000களின் முற்பகுதியிலும் உற்பத்தியானவை. அத்தகைய வருடியொன்றை இன்றைய கணினியோடு இணைக்கும்போது கணினி அதனை அறியாதிருத்தல் பலர் கண்ட அனுபவமே. 'வருடி பழுது' என அவர்கள் முடிவுசெய்கின்றனர். இம்முடிவு பல வேளைகளிற் பிழையானதாகும்.

1867இல் வெளிவந்த 'மூலதனம்' முதற்றொகுதியிலே மார்க்ஸ், இயந்திரத்தின் இருவகைத் தேய்வைப் பற்றிக் கூறுவார். ஒன்று, பயன்பாட்டாலும் பயன்படாது கிடப்பதாலும் வரும் பௌதிகத் தேய்வு. மற்றது, மலிவான அல்லது மேலான புதிய இயந்திரம் தோன்றுவதால் பழையது பெறுமதி இழத்தல். நமது வருடியின் நிலை இவ்விரண்டினும் வேறானது. அதன் வில்லையும் ஒளியுணரியும் தேயவில்லை. அதனை விஞ்சிய வாரிசும் எளிதிற் கிடைப்பதில்லை. கொனிக்கா மினோல்ட்டா 2006இலேயே ஒளிப்படத் துறையை விட்டு விலகியது. இங்கு அறுந்திருப்பது கருவிக்கும் கணினிக்கும் இடையிலான உறவே. ஆகவே பழுதைக் கருவிக்குள் தேடுமுன் உறவின் ஒவ்வொரு கண்ணியையும் வரிசையாகச் சோதித்தல் வேண்டும்.

முதலாவது கண்ணி மின். வருடியைக் கணினியோடு இணையாது தனியே இயக்கிப் பார்த்தல் வேண்டும். விளக்குச் சிறிது நேரம் மினுங்கிப் பின் நிலையாக எரியுமாயின், கருவி தன்னைத்தானே சோதித்து முடித்ததென்பதே பொதுவான பொருள். இடையறாது விரைந்து மினுங்கினாலே உட்பழுதை ஐயுறலாம். 2022இல் இந்திய உதவியுடன் கலப்பு மின்திட்டத்துக்கு உடன்பாடு செய்யப்பட்ட காலத்திலும் நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகியன தேசிய மின்வலையமைப்புக்கு வெளியேயே இருந்தன. மின்னழுத்தம் ஏறியிறங்கும் இடங்களில் நிலைப்படுத்தி ஒன்றினூடாக மின் வழங்குதல் நன்று.

இரண்டாவது கண்ணி இணைப்பு வடம். நிக்கொன் கூல்ஸ்கான் வரிசையையே எடுத்துக்கொள்வோம். அதில் எல்.எஸ்.2000 ஸ்கஸி முறையிலும், 4000 பயர்வயர் முறையிலும், 5000 யூ.எஸ்.பி. முறையிலும் இணைவன. யூ.எஸ்.பி. ஆயின் கிளைப்பெட்டியைத் தவிர்த்து, குறுகிய வடத்தால் கணினியோடு நேரே இணைக்க வேண்டும். வேறு வடத்தையும் மாற்றிப் பார்க்க வேண்டும். ஸ்கஸி ஆயின், கணினிக்கு முன் வருடியை இயக்க வேண்டும். தொடரிலுள்ள ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனி இலக்கம் அமைய வேண்டும். தொடரின் இரு முனைகளும் முடிப்பான் பெற்றிருக்க வேண்டும். மின் ஓடும்போது வடத்தைக் கழற்றலாகாது. பயர்வயர் ஆயின் இயங்குதளம் அதனை ஏற்கின்றதா என முதலில் நோக்குக. அப்பிள் நிறுவனம் 2025இல் வெளியிட்ட மக் இயங்குதளத்தில் அவ்வசதி நீக்கப்பட்டது. உப்புக்காற்றுப் படும் ஊர்களில் செருகுவாயின் உலோகத் தொடுமுனைகள் அரித்துப்போதலும் கவனிக்கத்தக்கது.

மூன்றாவது கண்ணி இயக்கி மென்பொருள். இவ்விடத்து ஒரு வேறுபாடு இன்றியமையாதது. கணினியின் கருவிப் பட்டியலில் வருடி அறவே தோன்றாதிருத்தல் ஒன்று. பெயரறியாக் கருவியாகத் தோன்றுதல் மற்றொன்று. முன்னையது பெரும்பாலும் மின், வடம், செருகுவாய் சார்ந்த குறை. பின்னையது, கணினி கருவியைக் கண்டும் அதன் மொழியை அறியாத நிலை. நிக்கொன் ஸ்கான் மென்பொருளுக்கு 64 பிட் விண்டோஸ் பதிப்பு உத்தியோகபூர்வமாக வெளியாகவில்லை. இந்நிலையில் மூன்று வழிகள் உள. பழைய 32 பிட் விண்டோஸ் கொண்ட கணினியொன்றை இணையத்தோடு தொடுக்காது இப்பணிக்கென்றே பேணலாம். வியூஸ்கான் போன்ற தனி மென்பொருளை விலைக்கு வாங்கலாம். அல்லது லினக்ஸில் இயங்கும் சேன் என்னும் கட்டற்ற மென்பொருளைக் கொள்ளலாம். கூல்ஸ்கான் மாதிரிகள் பலவற்றுக்கான இயக்கி அதிலுண்டு. சந்தை கைவிட்ட கருவியைக் கூட்டுழைப்பு மீட்டுத் தந்தமைக்கு இது தக்க உதாரணமாகும்.

இவையெல்லாம் பயனளிக்காவிடின் நெகற்றிவ்வைக் காத்திருக்க வைத்தல் தகாது. சீரான ஒளிப்பலகையின் மீது வைத்து எண்ணிமக் கமராவாற் படியெடுத்தலும் ஏற்கத்தக்க வழியே.

படியெடுத்தலோடு பணி முற்றுப்பெறாது. படத்திலுள்ளோர் யார், இடம் யாது, ஆண்டு யாது என்பவற்றை அவ்வூர் முதியோரிடம் கேட்டுப் பதிதல் வேண்டும். படிகளை ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் வைத்தல் வேண்டும். 1981இல் எரியூட்டப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. அவற்றுள் வேறெங்கும் படியில்லாதனவே என்றென்றைக்குமாக இழக்கப்பட்டன. 2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம முயற்சி, இத்தகைய பணி தனியார் பெட்டகத்துக்குள் அடங்காது பொதுவுடைமையாக நிகழ முடியும் என்பதைக் காட்டியுள்ளது. வருடியைக் கணினி அறியச் செய்தல் சிறிய தொழில்நுட்பக் காரியமே. ஆயினும் எழுத்தில் இடம்பெறாத உழைக்கும் மக்களை வரலாறு அறியச் செய்வதற்கான வாயில்களுள் அதுவும் ஒன்றாகும்.