இரு சராசரிகளின் வேறுபாடு மெய்யானதா?

தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் குடியேறி வாழும் நம் குடும்பங்களில் ஒரு வழக்கு அடிக்கடி எழுவதுண்டு. மாற்றலாகி வந்த ஊரில் பிள்ளையை எந்தப் பள்ளியில் சேர்ப்பது? "அந்தப் பள்ளியின் கணக்குச் சராசரி 62, இந்தப் பள்ளியினுடையது 57. இதற்கு மேல் யோசிக்க என்ன இருக்கிறது?" என்பார் ஒருவர். ஐந்து மதிப்பெண் வேறுபாடு கண்ணெதிரே நிற்பது உண்மையே. ஆயினும் அவ்வேறுபாடு கற்பித்தலின் சிறப்பால் விளைந்ததா, அவ்வாண்டு அவ்வகுப்பில் அமர்ந்த பிள்ளைகள் தற்செயலாக அமைந்த விதத்தால் விளைந்ததா என்பதைச் சராசரி மட்டும் நமக்குச் சொல்லாது. இவ்விரண்டையும் பிரித்தறியப் புள்ளியியலார் ஒரு முறை வகுத்துள்ளனர். அதனைப் பழைய மருத்துவக் கணக்கு ஒன்றைக் கொண்டு விளக்க முற்படுவோம்.

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், கலமசூ என்னும் ஊரின் மனநல மருத்துவமனையில் இருந்த நோயாளிகளுக்குத் தூக்க மருந்துகள் கொடுத்து, ஒவ்வொருவரும் வழக்கத்தைவிட எத்தனை மணி நேரம் கூடுதலாக உறங்கினர் என்பதைக் குஷ்னி, பீபிள்ஸ் என்னும் இருவர் அளந்து 1905-இல் வெளியிட்டனர். அவற்றுள் பத்து நோயாளிகளின் கணக்கை 1908-இல் எடுத்தாண்டவர் வில்லியம் காசெட். இவர் மருத்துவர் அல்லர். டப்ளின் நகரத்துக் கின்னஸ் மதுவடிசாலையில் பணியாற்றியவர். பணியாளர் தம் பெயரில் ஆராய்ச்சி வெளியிடுவதை அந்நிறுவனம் அனுமதிக்காமையால், 'ஸ்டூடன்ட்', அதாவது மாணவர், என்ற புனைபெயரில் எழுதினார். அக்கட்டுரையில் மருந்துகளின் பெயர்கள் பிழையாகக் குறிக்கப்பட்டுவிட்டன என்பது பின்னர்த் தெரியவந்தது. நமக்கு இங்குப் பெயர் வேண்டுவதில்லை. முதல் மருந்து, இரண்டாம் மருந்து என்றே கொள்வோம்.

முதல் மருந்தால் கிடைத்த கூடுதல் தூக்கத்தின் சராசரி 0.75 மணி, இரண்டாம் மருந்தால் கிடைத்தது 2.33 மணி. வேறுபாடு 1.58 மணி, ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம். உறக்கமின்றி வருந்தும் ஒருவருக்கு இது சிறிதன்று. ஆனால் அளவுகள் சிதறிக் கிடக்கும் விதத்தையும் காண வேண்டும். முதல் மருந்தை உண்டவருள் ஒருவருக்கு 1.6 மணித் தூக்கம் குறைந்தது, மற்றொருவருக்கு 3.7 மணி கூடியது. இரண்டாம் மருந்திலோ 0.1 மணிக் குறைவு முதல் 5.5 மணி மிகுதி வரை பரவியிருந்தது. மனிதருக்கு மனிதர் இத்துணை மாறும்போது, சராசரிகளுக்கிடையே ஒன்றரை மணி வேறுபாடு தானாகவே தோன்றியிருக்கலாகாதா?

இக்கேள்விக்கு விடை காண, முதலில் எதிர்க்கட்சியின் வாதத்தையே நாம் ஏற்றுக்கொள்கிறோம். 'மருந்துகள் இரண்டும் ஒன்றே. வேறுபாடு எதுவும் இல்லை' என்று வைத்துக்கொள்கிறோம். இதற்கு இன்மைக் கருதுகோள் என்று பெயர். அது மெய்யாயின், இருபது அளவுகளையும் இருபது சீட்டுகளில் எழுதி, நன்கு கலைத்து, பத்துப் பத்தாக இருவருக்குப் பகிர்ந்தாலும் கணக்கின் தன்மை மாறாது அன்றோ? இவ்வாறு பகிர்வதற்கு 1,84,756 வழிகள் உள்ளன. அவற்றுள் எத்தனையில் 1.58-ஐ எட்டும் வேறுபாடு தோன்றும் என்பதே கேள்வி. அரிதாகவே தோன்றுமாயின், தற்செயல் என்னும் வாதம் வலுவிழக்கும். அடிக்கடி தோன்றுமாயின், அவ்வாதத்தைத் தள்ள நமக்கு உரிமையில்லை.

அத்தனை முறை சீட்டைக் கலைக்காமலே விடையை நெருங்க உதவுவது, காசெட் தொடங்கி வைத்து ஆர். ஏ. பிஷர் விரித்த 'டி' சோதனை. ஒவ்வொரு குழுவிலும் சராசரியிலிருந்து விலகும் அளவுகளை வர்க்கித்து மாறுபாடு காண்கிறோம். நம் கணக்கில் அவை 3.20, 4.01. இவற்றை நபர் எண்ணிக்கையாகிய பத்தால் வகுத்துக் கூட்டினால் 0.72, அதன் வர்க்கமூலம் 0.85. தற்செயலால் மட்டும் சராசரிகளின் வேறுபாடு எவ்வளவு ஊசலாடும் என்பதற்கு இதுவே அளவுகோல். 1.58-ஐ இதனால் வகுக்க 1.86 வருகிறது. அட்டவணையில் நூற்றுக்கு ஐந்து என்னும் எல்லைக்குரிய எண் 2.10. நாம் அதனை எட்டவில்லை. மருந்துகள் ஒன்றேயாயினும் இத்தகைய வேறுபாடு நூற்றுக்கு எட்டு முறை தோன்றக்கூடும்.

ஆகவே மருந்துகள் சமமானவை என்று முடிவு கட்டிவிடலாமா? கூடாது. பலரும் இடறும் இடம் இதுவே. சான்று போதவில்லை என்பது வேறு. வேறுபாடு இல்லை என்பது வேறு. 'நூற்றுக்கு எட்டு' என்பது இன்மைக் கருதுகோள் மெய்யாக இருப்பதற்கான வாய்ப்பும் அன்று. அதனை மெய்யென்று கொண்டபின் கணித்த எண் அது. ஐந்து என்னும் எல்லையும் இயற்கை விதித்ததன்று. பிஷர் 1925-இல் வெளியிட்ட நூலின் வாயிலாகப் பரவிய வழக்கமே அது.

இதுவரை ஒரு செய்தியை வேண்டுமென்றே மறைத்து வைத்தோம். இருபது அளவுகளும் இருபது பேருடையவை அல்ல. பத்துப் பேருக்கே இரு மருந்துகளும் வெவ்வேறு காலத்தில் தரப்பட்டன! வெவ்வேறு நோயாளிகள் என்று வைத்துக்கொண்டு கணக்கிட்டால் என்னாகும் என்று பிஷரும் தம் நூலில் செய்து காட்டியுள்ளார். அவ்வழியே நாமும் சென்றோம். இப்போது உள்ளபடியே பார்ப்போம். முதல் மருந்தால் 3.7 மணி பெற்றவரே இரண்டாவதால் 5.5 மணி பெற்றார், முதலில் 1.2 மணி இழந்தவர் இரண்டாவதால் 0.1 மணியே பெற்றார். ஒவ்வொருவரிடமும் இரண்டு மருந்துக்கும் உள்ள வேறுபாட்டை மட்டும் எடுத்தால், ஆளுக்கு ஆள் உள்ள பெருஞ்சிதறல் பெரிதும் கழிந்துவிடுகிறது. விடை 1.86 அன்று, 4.06, தற்செயலின் வாய்ப்பு ஆயிரத்தில் மூன்றினும் குறைவு. எண்கள் அவையே; குழுக்கள் ஒன்றையொன்று சாராதவையா, ஒரே ஆட்களா என்னும் ஒரு செய்தியால் முடிவு தலைகீழாயிற்று.

குழுக்கள் உண்மையாகவே தனித்தனியாக இருப்பினும் ஒரு சிக்கல் உண்டு. இரண்டின் சிதறலும் ஒத்திராவிடில் என் செய்வது? 1929-இல் ஜெர்மானியர் பேரன்ஸ் எழுப்பிய இக்கேள்வியைப் பிஷர் மேற்கொண்டார். அதற்குரிய அட்டவணைகளைக் கணித்துத் தந்தவர் நம் நாட்டின் பி. வி. சுகாத்மே. அவை 1938-இல் வெளிவந்த இதழ், கொல்கத்தாவில் மகலனோபிஸ் 1933-இல் தொடங்கிய 'சாங்க்யா'. இன்று கணிப்பொறிகளில் பெரிதும் வழங்குவது வெல்ச் 1947-இல் வகுத்த மற்றொரு முறை.

இனி நம் பள்ளிக் கணக்கிற்கு வருவோம். ஒவ்வொரு வகுப்பிலும் நாற்பது பிள்ளைகள் என்று வைத்துக்கொள்வோம். மதிப்பெண்களின் திட்டவிலக்கம் இரண்டிலும் 15 ஆயின், அளவுகோல் 3.35, ஐந்து மதிப்பெண் வேறுபாடு அதன் ஒன்றரை மடங்கே. அதைக் கண்டு வீட்டை மாற்ற வேண்டுவதில்லை. திட்டவிலக்கம் 6 மட்டுமே ஆயின், அளவுகோல் 1.34, அதே ஐந்து மதிப்பெண் இப்போது ஏறத்தாழ நான்கு மடங்காகி நிற்கும். எனவே தலைமையாசிரியரிடம் சராசரியோடு, எத்தனை பிள்ளைகள், மதிப்பெண்கள் எவ்வளவு பரவியுள்ளன என்பதையும் கேட்டறிக. நுழைவுத் தேர்வு வைத்து வல்லவரையே பொறுக்கிச் சேர்க்கும் பள்ளியா என்பதையும் மறவாது கேளுங்கள். அவ்வாறாயின், ஐந்து மதிப்பெண் மெய்யான வேறுபாடே என்று சோதனை காட்டினும், அது பிள்ளைகள் வந்து சேரும்போதே கொண்டுவந்த வேறுபாடாக இருக்கலாம். ஆசிரியரின் கற்பித்தலைப் பற்றி அந்த எண் ஒன்றும் உரைக்காது.